தோட்டா ஏறவில்லை என்றால் அரத்தைத் தொடாதீர்கள்

தேர்தல் அறிவிப்பு வந்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளை போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். பல வீடுகளில் தாத்தா, அப்பா காலத்துப் பிஸ்டல் பீரோவை விட்டு வெளியே வருவதே அப்போதுதான். திரும்ப வாங்கி வந்ததும் ஸ்லைடை இழுத்துப் பார்ப்பார்கள். தோட்டா பாதியில் சிக்கி நிற்கும். "ஏனுங்க, நீங்க பட்டாளத்துல ஆர்மரரா இருந்தவருதானுங்களே, உள்ள என்ன பார்ட் போயிருக்கும்?" என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. அவர்களிடம் சொல்வதையே இங்கேயும் எழுதுகிறேன்.

பெரும்பாலும் உள்ளே ஒரு பார்ட்டும் போயிருக்காது. கோளாறு மேகசினில் இருக்கும், அல்லது தோட்டாவில், அல்லது அழுக்கில். கிணற்று மோட்டார் தண்ணீர் எடுக்கவில்லை என்றால் முதலில் ஃபுட் வால்வைத்தானே பார்க்கிறோம்? எடுத்த எடுப்பில் மோட்டாரைப் பிரித்துக் காயிலைக் கழற்றுவதில்லை. பிஸ்டலுக்கும் அதே முறைதான்.

ராணுவம் பயன்படுத்தும் 9 எம்.எம். தனியாருக்குக் கிடையாது. அதனால் வீடுகளில் இருப்பவை அநேகமாக .32 பிஸ்டல்கள்: வெள்ளைக்காரன் காலத்து வெப்லி ஸ்காட், அல்லது மேற்கு வங்கத்தில் அரசு தொழிற்சாலை செய்த அசனி. இவற்றுக்கான தோட்டா ஜான் பிரவுனிங் 1899-இல் வடிவமைத்தது. அதன் அடி விளிம்பு உடம்பை விட ஒரு மயிரிழை அகலம். மேகசினில் அடுக்கும்போது மேல் தோட்டாவின் விளிம்பு, கீழ்த் தோட்டாவின் விளிம்புக்கு முன்னால் இருக்க வேண்டும். பின்னால் போய் மாட்டிக்கொண்டால் ஸ்லைடு எவ்வளவு தள்ளினாலும் அது நகராது. இதை ‘பார்ட் கோளாறு’ என்று நினைத்துக்கொள்வார்கள். இன்னொன்று, .32 ரிவால்வர் தோட்டா என்று ஒன்று தனியாக இருக்கிறது. பெயர் ஒன்றுதான், ஆனால் அது நீளமானது, விளிம்பும் பெரியது. பிஸ்டலுக்கு ஆகவே ஆகாது.

எங்கே சிக்குகிறது என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். ஸ்லைடு தோட்டாவை எடுக்காமல் அதன் மேலேயே ஓடிப் போனால், மேகசின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், அல்லது மேகசின் முழுதாக உட்காரவில்லை. தோட்டாவின் மூக்கு கீழே இடித்து நின்றால், ஸ்பிரிங்கோடு சேர்த்து மேகசினின் மேல் உதடுகளையும் பாருங்கள். ஒருமுறை கீழே விழுந்தாலே அவை வளைந்துவிடும். ஸ்லைடு கடைசி நூலளவு மூடாமல் நின்றால், சேம்பரில் அழுக்கு இருக்கலாம், தோட்டா நசுங்கியிருக்கலாம், அல்லது ரிகாயில் ஸ்பிரிங் சோர்ந்திருக்கலாம். இரண்டு மேகசின் இருந்தால் 1, 2 என்று குறித்து மாற்றிப் போட்டுப் பாருங்கள். ஒன்றில் மட்டும் சிக்கினால் பிஸ்டல் மேல் தப்பில்லை.

எண்ணெய் விஷயத்திலும் ஒரு வார்த்தை. நம் ஊரில் கையில் கிடைக்கும் தேங்காய் எண்ணெயை விட்டு வைக்கிறார்கள். மார்கழிக் குளிரில் அது உறைந்துவிடும். வருடக்கணக்கில் விட்டால் பிசினாகி ஸ்லைடையும் ஊசியையும் பிடித்துக்கொள்ளும். துப்பாக்கி எண்ணெய் இரண்டு சொட்டுப் போதும். சேம்பர் காய்ந்தே இருக்கட்டும்.

இந்தச் சோதனை எதையும் நிஜத் தோட்டாவை வைத்து வீட்டில் செய்யாதீர்கள். பாகங்கள் தேய்ந்த பழைய பிஸ்டல், விசையைத் தொடாமலே ஸ்லைடு மூடும்போது வெடித்துவிடலாம். அடுத்த அறையில் பேரப்பிள்ளைகள் இருப்பார்கள். மருந்தும் கேப்பும் இல்லாத டம்மி தோட்டா இதற்கென்றே இருக்கிறது.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதுதான். சிங்காநல்லூரில் தடுக்கி விழுந்தால் ஒரு லேத் பட்டறை. எதையும் கடைந்து, உரசி, சரிசெய்துவிடலாம் என்ற தைரியம் நம் ஊருக்கே உண்டு. அந்தத் தைரியத்தில், தோட்டா ஏறும் சரிவை அரத்தால் ராவித் தரச் சொல்லித் தெரிந்த பட்டறைப் பையனிடம் பிஸ்டலைக் கொடுக்கிறார்கள். சரிவின் கோணம் ஒருமுறை போனால் போனதுதான். அதைவிடப் பெரிய நஷ்டம் அந்தப் பையனுக்கு. 1959 ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவுப்படி துப்பாக்கியை ரிப்பேர் செய்யவே லைசென்ஸ் வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு, அதை மீறினால் குறைந்தது 7 ஆண்டு சிறை. ஆயுள் வரை போகலாம். நூறு, இருநூறு ரூபாய்க் கூலிக்கு ஒரு குடும்பத்துப் பிள்ளையை அங்கே தள்ளுவது நியாயமா?

ஆகவே, துடையுங்கள், பாருங்கள், மேகசினை மாற்றிப் போடுங்கள். அதற்கு மேல் ரிப்பேர் லைசென்ஸ் உள்ள டீலரிடம் நீங்களே கொண்டுபோங்கள். அடுத்த தலைமுறையில் அதைத் தொட ஆளில்லை என்றால், கௌரவம் பார்க்காமல் முறைப்படி ஒப்படைத்துவிடுங்கள். தாத்தா பெயரைச் சொல்ல அவர் வைத்த தென்னந்தோப்பு இருக்கிறது.