பூங்கோரையும் பெரியப்பாவின் யூரியாவும்

அரியலூர் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு, "சார், கடல் எங்கே?" என்று யாராவது கேட்டால், "உங்க காலுக்குக் கீழே" என்பதுதான் சரியான பதில். கடல் இங்கிருந்து விலகி ஆறு கோடி வருஷத்துக்கு மேல் ஆச்சு. நினியூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக் கல்லில் பாசிகளின் படிமம் இருப்பதை எல்.ராமராவும் ஜூலியஸ் பியாவும் 1936-லேயே எழுதி வைத்துவிட்டார்கள். ஆகவே பாசியைப் பற்றிப் பேச நமக்கும் பாத்தியதை உண்டு!

செத்த பாசி சாது. சிமென்ட் ஆகி, பேசாமல் சுவரில் இருக்கும். உயிரோடு இருப்பதுதான் வம்பு.

2019 ஆகஸ்ட் 18 ராத்திரி சென்னைக் கடற்கரையில் அலை நீலமாக ஜொலித்தது ஞாபகமிருக்கிறதா? ஜனங்கள் குடும்பத்தோடு போய் போட்டோ எடுத்தார்கள். நாக்டிலூக்கா என்ற ஒரு செல் ஜந்துவின் கைங்கரியம் என்றார்கள் விஞ்ஞானிகள். அடுத்த மாசம் மன்னார் வளைகுடாவில் அதே ஜந்து பெருகியபோது யாரும் போட்டோவுக்குச் சிரிக்கவில்லை. பாம்பன், மண்டபம் பக்கம் கடல் பச்சையாகி, நாற்றம் அடித்து, மீன்கள் செத்துக் கரை ஒதுங்கின. பவளப் பாறைக்கும் அடி.

அந்தப் பக்கத்து மீனவர்கள் வைத்த பெயர் பூங்கோரை. என்ன அழகான பெயர், என்ன மோசமான குணம்! தன் வயிற்றுக்குள் பச்சைப் பாசியைக் குடிவைத்து, அது சமைப்பதைத் தின்று வாழ்கிற வீட்டுக்காரர் இது. விஷம் கக்குவதில்லை. கோடிக்கணக்கில் பெருகி, செத்து, அழுகும்போது தண்ணீரிலுள்ள ஆக்ஸிஜன் காலியாகிவிடும். மீன் தண்ணீருக்குள்ளேயே மூச்சுத் திணறிச் சாகும். கடல் மீனாவது ஓடிப் பார்க்கலாம். கடன் வாங்கிக் கூண்டில் வளர்க்கிற கடல் விரால் எங்கே ஓடும்?

தென்கொரியாவில் 1996-லிருந்து வேறு வகைப் பாசிக்கு மஞ்சள் களிமண்ணைக் கடலில் தூவுகிறார்கள். களிமண் பாசியைக் கட்டிப்பிடித்து அடியில் உட்காரும். அடியில் வாழ்கிற சிப்பியின் கதி? என் ஓட்டு இதற்கு இல்லை. முன்கூட்டியே தெரிவதுதான் உருப்படியான வழி. ஹைதராபாத்தின் இன்காய்ஸ் நிறுவனம் 2022 பிப்ரவரியில் சாட்டிலைட் வைத்துப் பாசிப் பெருக்கத்தைச் சொல்லும் சேவையை ஆரம்பித்தது. மன்னார் வளைகுடாவும் அதில் உண்டு. தகவல் தமிழில், நேரத்தோடு கூண்டுக்காரர் கைக்குப் போனால், தீனியை நிறுத்தலாம், பெரிய மீனைப் பிடித்து விற்கலாம். இறால் பண்ணைக்காரர் கடல் தண்ணீர் இழுக்கிற மோட்டாரை அணைத்துவிடலாம்.

ஆனால் பாசிக்குச் சாப்பாடு போடுகிறவர்கள்? சாக்கடையும் உரமும்தான் அதற்கு விருந்து. 2019 பழியைப் பெரம்பலூர் தலையில் போடவில்லை. காற்று, நீரோட்டம், வெப்பம் எல்லாவற்றுக்கும் அதில் பங்கு இருக்கும். ஆனால் இங்கே மக்காச்சோளத்துக்கு மிஞ்சிப்போன யூரியா மழையில் கரைந்து மருதையாறு, கொள்ளிடம் வழியாகப் பழையாறு கடலுக்குத்தானே போகிறது?

பெரியப்பாவிடம், "ஒரு மூட்டை குறைச்சுப் போடக் கூடாதா?" என்றேன்.

"எங்கேயோ இருக்கிற மீனுக்காக என் சோளத்தைப் பட்டினி போடச் சொல்றியா?"

"ஞாயித்துக்கிழமை நெத்திலி கேக்கறீங்களே, அது மட்டும் வேப்பந்தட்டை ஏரியிலேயா பிடிச்சது?"

பெரியப்பா பெரியம்மாவைப் பார்த்தார். பெரியம்மா மூட்டையைப் பார்த்தார்.

"அரை மூட்டை" என்றார் பெரியப்பா.