சைக்கிளில் மலாக்கா

இத்தாலியில் ரவென்னா என்றொரு ஊர். ஐந்தாம், ஆறாம் நூற்றாண்டுத் தேவாலயங்கள், உள்ளே சுவரெல்லாம் மொசைக். ஊர் சமதரை என்பதால் சைக்கிளிலேயே சுற்றிப் பார்க்கிறார்கள். நம்மூரில் மொசைக் என்றால் குளியலறைத் தரைக்குப் பதிப்பது. அங்கேயோ சின்னச் சின்னக் கண்ணாடிச் சில்லுகளால் பேரரசர் ஜஸ்டினியனையே சுவரில் நிறுத்தியிருக்கிறார்கள்!

அவ்வளவு தூரம் போக எல்லோருக்கும் முடியுமா? பீடோரிலிருந்து காலையில் காரில் கிளம்பினால் மதியத்துக்குள் மலாக்கா. ஓர் இரவு தங்கி, மறுநாள் ஏழு மணிக்கே வாடகைச் சைக்கிளை மிதிக்கத் தொடங்கிவிடுங்கள். வெயில் ஏறிவிட்டால் பூ அலங்காரப் பெச்சாக்களும் அவற்றின் பாட்டுச் சத்தமும் தெருவை எடுத்துக்கொள்ளும்.

சைக்கிளை அடிவாரத்தில் பூட்டிவிட்டுக் குன்றேறினால் செயின்ட் பால் தேவாலயம். 1521-இல் போர்த்துக்கீசியர் கட்டியது, இன்று கூரையில்லை. புனித பிரான்சிஸ் சவேரியாரின் உடல் கோவா போவதற்கு முன் 1553-இல் இங்கேதான் வைக்கப்பட்டிருந்தது. கீழே சிவப்புச் சுவர்களோடு கிறிஸ்து தேவாலயம். டச்சுக்காரர்கள் 1753-இல் கட்டி முடித்தார்கள். மேலே பாருங்கள், ஒவ்வொரு உத்தரமும் ஒட்டுப்போடாத ஒற்றை மரம். பலிபீடத்துக்கு மேலே பளபளக்கும் ஓடுகளில் கடைசி இராப்போஜனக் காட்சி. மலாக்காவில் மொசைக்குக்கு மிக நெருங்கியது என்று நான் இதைத்தான் சொல்வேன்.

ஆற்றைக் கடந்தால் காம்போங் கிலிங் பள்ளிவாசல். இந்திய முஸ்லிம் வணிகர்கள் 1748-இல் எழுப்பியது, இங்கும் அழகான ஓடுகள் உண்டு. சற்றுத் தள்ளி, 1781-ஆம் ஆண்டின் பொய்யாத விநாயகர் கோயில். மலாக்கா செட்டிகளுடையது.

இந்தக் கோயில் வாசலில்தான் நான் அதிக நேரம் நின்றேன். போர்த்துக்கீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர், ஜப்பானியர் என்று ஆள்பவர்கள் மாறிக்கொண்டே இருந்த ஊரில் இது எப்படி நிலைத்தது? செட்டிகளின் தலைவர் தெய்வநாயகம் செட்டிக்கு டச்சு அரசு நிலத்தைக் கொடுத்திருந்தது. 1710-இல் எழுந்த செயின்ட் பீட்டர் தேவாலயமும் ஒருவர் தானமாகத் தந்த நிலத்தில் நிற்பதுதான்.

நம் தோட்டத்துக் கோயில்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பால்மரம் சீவியவர்கள் காசு சேர்த்துக் கட்டினார்கள், நிலமோ கம்பெனியுடையது. தோட்டம் கைமாறியதும் கோயிலுக்கு ‘அனுமதி இல்லாத கட்டடம்’ என்று பெயர் வந்துவிடுகிறது. பிறகு அம்மனைத் தூக்கிக்கொண்டு வேறு இடம் தேட வேண்டியதுதான். மாதா கெபிகளுக்கும் இதே கதி.

மலாக்கா போய் வந்த கையோடு பீடோர், தாப்பா, சிலிம் ரிவர் பக்கத்துத் தோட்டங்களையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் சுற்றுங்கள். படம் எடுத்தால் மட்டும் போதாது, நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று கோயில் தலைவரிடம் கேளுங்கள். அவருக்கும் தெரியவில்லையென்றால், லாட் எண்ணோடு அந்தந்த மாவட்ட நில அலுவலகத்தில் விசாரிக்கலாம். அதற்கு மட்டும் திங்கட்கிழமை போங்கள்.