சாவி யார் கையில்?

எங்கள் வீட்டில் எனக்கு ஒரு பட்டம் உண்டு. "யந்திரப் பைத்தியம்" என்பது அது. சூட்டியவள் என் சகதர்மிணி. சர்வகலாசாலை கொடுத்த பட்டத்தைக் காட்டிலும் இதுவே எனக்குப் பொருத்தமானது என்று அவள் சொல்லுவதுண்டு, நானும் மறுப்பதில்லை. புதிதாக ஒரு கைபேசி கடைக்கு வந்தால், அதை வாங்குகிறவர்களைவிட அதிகமாக அதைப் பற்றி நான் படித்துவிடுவேன். வாங்குவது மட்டும் கிடையாது. உபாத்தியாயர் சம்பளத்துக்குப் படிப்புத்தான் கட்டுபடியாகிறது.

இப்படிப்பட்டவனுக்குச் சென்ற மாதம் ஒரு நல்ல பாடம் கிடைத்தது. காலஞ்சென்ற என் தகப்பனாரின் தகரப் பெட்டியை ஒழித்துக் கொண்டிருந்தேன். அதில் மூன்று பொருள்கள் அகப்பட்டன. ஒன்று, அவருடைய எச்.எம்.டி. கைக்கடிகாரம். இரண்டாவது, நான் பிறந்த செய்தியை அவருக்குக் கொண்டுவந்த 1979-ஆம் வருஷத்துத் தந்தி. மூன்றாவது, என் கையெழுத்தில் "அப்பாவின் நினைவுகள், 2003" என்று எழுதியிருந்த ஒரு ஸி.டி.

அந்த ஸி.டி.யைக் கண்டதும் எனக்கு நெஞ்சு படபடத்தது. தகப்பனார் சொல்லச் சொல்ல, நான் கணிப்பொறியில் தமிழில் அடித்து வைத்த நாற்பது பக்கங்கள் அதில் இருந்தன. திண்ணைப் பள்ளிக்கூடம், காவேரியில் நீந்தக் கற்றது, 1952-ஆம் வருஷத்துப் புயலில் எங்கள் வீட்டுக் கூரை போன கதை - எல்லாம் அவருடைய வார்த்தைகளிலேயே. அவர் 2009-இல் காலமானார். அந்தக் கதைகளை இனிச் சொல்ல வேறு யாரும் இல்லை.

முதலில் கடிகாரத்தின் கதையைச் சொல்லி விடுகிறேன். பெங்களூரில் எச்.எம்.டி. நிறுவனம் ஜப்பானிய ஸிட்டிஸன் கம்பெனியின் ஒத்துழைப்புடன் 1961-இல் கைக்கடிகாரம் செய்யத் தொடங்கியது. அதன் கடிகாரப் பிரிவை மூடுவதென்று 2016-இல் மத்திய அரசு தீர்மானித்து விட்டது. ஆகவே, இதை யார் பழுது பார்க்கப் போகிறார்கள் என்று அவநம்பிக்கையோடுதான் கடைத்தெருவுக்குப் போனேன். அங்கே ஆளுயரப் பெட்டிக் கடை ஒன்றில், ஒற்றைக் கண்ணில் பூதக்கண்ணாடியைச் செருகிக்கொண்டு ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். கடிகாரத்தின் முதுகைத் திறந்து பார்த்தார்.

"எண்ணெய் காய்ந்து போயிருக்கிறது, ஸார். வேறு குறை ஒன்றுமில்லை. வெள்ளிக்கிழமை வாருங்கள்" என்றார்.

வெள்ளிக்கிழமை போனேன். கடிகாரம் ஓடிக் கொண்டிருந்தது!

அதனுள் என்ன நடக்கிறது என்பதை அவர் எனக்குத் திறந்தே காட்டினார். சாவி கொடுக்கும்போது ஓர் எஃகுச் சுருள்வில் இறுகுகிறது. அது தளர முயலும்போது பல்சக்கரங்களைச் சுழற்றுகிறது. ஒரே மூச்சில் தளர்ந்துவிடாதபடி, நங்கூரம் போன்ற சிறு கொக்கி ஒன்று சக்கரத்தைத் தடுத்துத் தடுத்து விடுகிறது. அந்தக் கொக்கிக்குத் தாளம் போடுவது, மயிரிழை போன்ற வில்லோடு கூடிய ஒரு சின்னஞ்சிறு சக்கரம். விநாடிக்கு ஐந்து தட்டு. ஒரு நாளைக்கு 4,32,000 தட்டு. எல்லாம் கண்ணால் காணக்கூடியவை. அதனால்தான், செய்தவர்கள் கடையைக் கட்டிய பிறகும் கற்றவன் ஒருவனால் அதற்கு உயிர் கொடுக்க முடிகிறது.

இனி ஸி.டி.யின் கதை. அதைப் படிக்கும் கருவியே இப்போது அருமையாகி விட்டது. பள்ளிக்கூடத்துப் பழைய கணிப்பொறி ஒன்றில் போட்டுத் திறந்தேன். திரையில் தமிழ் ஓர் எழுத்துக்கூட இல்லை. ஆங்கில எழுத்துக்களும், அரைப்புள்ளிகளும், அடைப்புக் குறிகளும் சந்தைக் கூட்டம்போல் நெருக்கியடித்துக் கொண்டு நின்றன. தகப்பனாரின் குரல் எங்கே?

விஷயம் இதுதான். அந்தக் காலத்தில் தமிழ் எழுத்துரு செய்தவர்கள் பலர், ஆங்கில எழுத்துக்குரிய இடங்களில் தமிழ் எழுத்தின் உருவங்களை உட்கார வைத்தார்கள். யாரை எங்கே உட்கார வைப்பது என்பது அவரவர் இஷ்டம். அந்த எழுத்துரு இருந்தால் தமிழ், இல்லாவிட்டால் பிதற்றல். யூனிகோடு என்னும் உலகப் பொதுக் குறியீட்டின் 1991-ஆம் வருஷத்து முதற் பதிப்பிலேயே தமிழுக்குத் தனி இடம் கிடைத்துவிட்டது. தமிழ்நாடு அரசாங்கமும் 2010-இல் அதை ஏற்றுக்கொண்டது. ஆனால் 2003-இல் நான் பழக்க தோஷத்தால் பழைய எழுத்துருவிலேயே அடித்து வைத்தேன். பூட்டினவனும் நானே, சாவியைத் தொலைத்தவனும் நானே.

இரண்டு இரவு தூக்கமில்லை. மூன்றாம் நாள் வழி பிறந்தது. எந்த எழுத்துருவில் எந்த இடத்தில் எந்தத் தமிழெழுத்து இருக்கிறது என்று பொறுமையாக அட்டவணை போட்டு, பழைய எழுத்தை யூனிகோடாக மாற்றும் மென்பொருள்களைத் தமிழ் ஆர்வலர்கள் சிலர் எழுதியிருக்கிறார்கள். எழுதியதோடு, அவற்றின் மூல நிரலையும் எல்லோரும் பார்க்கும்படி வெளியிட்டிருக்கிறார்கள். அதன் உதவியால் நாற்பது பக்கங்களில் முப்பத்தெட்டு மீண்டன. இரண்டு பக்கம் ஸி.டி. பழுதால் போயே போய்விட்டது. அவற்றில் என்ன இருந்ததென்று எவ்வளவு யோசித்தும் எனக்கு நினைவு வரவில்லை.

நிற்க. மென்பொருளைப் பற்றிய என் அபிப்பிராயம் இங்கேதான் உருவாயிற்று. 1983-இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர், மென்பொருளை உபயோகிக்கிறவனுக்கு அதைத் திறந்து பார்க்கவும் திருத்தவும் சுதந்தரம் வேண்டும் என்று சொல்லி 'குனு' என்ற முயற்சியை அறிவித்தார். 1991-இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 'லினக்ஸ்' கருவை எழுதி வெளியிட்டார். இதெல்லாம் நிபுணர்களின் சண்டை என்று நெடுநாள் எண்ணியிருந்தேன். இல்லை, கடிகாரத்தின் முதுகைத் திறக்க முடியுமா என்ற அதே கேள்விதான் இது.

தந்தியை மறந்து விடவில்லை. தந்திச் சேவையே 2013 ஜூலையில் நின்றுவிட்டது. ஆனால் அந்தக் காகிதத்தை இன்றைக்கும் வாசிக்க முடிகிறது. என் பிள்ளைகள் பிறந்த செய்தியைத் தாங்கிய கைபேசிக் குறுஞ்செய்திகள் எங்கே? கைபேசி மாறியபோது அவையும் மறைந்தன.

மின்னஞ்சல் நல்ல ஏற்பாடு. அதன் விதிமுறைகள் 1982-லேயே பகிரங்கமாக வெளியானவை. எந்த நிறுவனத்துப் பெட்டியிலிருந்தும் எந்த நிறுவனத்துப் பெட்டிக்கும் கடிதம் போகும். வாட்ஸப் 2009-இல் பிறந்தது. 2014-இல் பேஸ்புக் கைக்குப் போயிற்று. 2016 முதல் அதில் செய்தியைத் திறக்கும் சாவி அனுப்புகிறவர், பெறுகிறவர் கைபேசிகளில் மட்டுமே இருக்கிறது; நிறுவனத்தாரே செய்தியைப் படிக்க முடியாது. இதைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் வாசற்கதவின் சாவி அவர்களிடமே இருக்கிறது. வேறு செயலியில் இருக்கும் சிநேகிதருக்கு இங்கிருந்து ஒரு வரி அனுப்ப நம்மால் முடியாது. ஐரோப்பிய யூனியன் 2022-இல் இயற்றிய டிஜிட்டல் சந்தைச் சட்டம், பெரிய செயலிகள் மற்றச் செயலிகளுக்கும் வழிவிட வேண்டும் என்று விதித்திருக்கிறது. நமக்கும் அப்படி ஒரு வழி வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

"பழமையை மெச்சுகிறீரே, உமது கடிகாரம் சரியான மணி காட்டுகிறதா?" என்று நீங்கள் கேட்கலாம். காட்டவில்லை! தினம் ஒரு நிமிஷம் பிந்துகிறது. 1969 டிஸம்பரில் ஜப்பானில் ஸைக்கோ கம்பெனி விற்பனைக்குக் கொண்டுவந்த குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தின் வம்சத்தில் வந்த இன்றைய மலிவுக் கடிகாரம்கூட இதைத் தோற்கடித்துவிடும். அதில் விநாடிக்கு 32,768 தடவை அதிரும் படிகம் இருக்கிறது. மாதத்துக்குச் சில விநாடிதான் பிசகும். வகுப்புக்கு மணி பார்க்க நான் கைபேசியைத்தான் பார்க்கிறேன். ஆகவே, புதியதை எறிந்துவிட்டுப் பழையதைக் கட்டிக்கொள்ளுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. எதை வாங்கினாலும், எதில் எழுதினாலும், சாவி யார் கையில் இருக்கிறது என்று ஒரு தடவை கேட்டுக் கொள்ளுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

உங்கள் வீட்டிலும் பழைய ஸி.டி. ஒன்று பரண்மேல் கிடக்கலாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரையில் காத்திராமல், இன்றைக்கே எடுத்துத் திறந்து பாருங்கள். படிக்க முடிந்தவற்றை யூனிகோடில் மாற்றி, இரண்டு மூன்று இடங்களில் வைத்து, காகிதத்திலும் ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.

நேற்றிரவு என் பெண் தாத்தாவின் புயல் கதையை உரக்கப் படித்தாள். கூரை பறந்த இடம் வந்ததும், "அப்புறம் எங்கே தூங்கினார்கள், அப்பா?" என்று கேட்டாள். அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். அது, போய்விட்ட பக்கங்களில் ஒன்று.