விடைத்தாள் திரும்பி வந்த பிறகு

தோழா!

மாதந்தோறும் வகுப்பறையில் தேர்வு நடக்கிறது. மாணவன் எழுதுகிறான், ஆசிரியர் திருத்துகிறார், தந்தை கையொப்பமிடுகிறார். அத்துடன் அந்தத் தாள் பரணுக்குப் போய்விடுகிறது. எதற்காக நடந்தது அந்தத் தேர்வு? எண்ணிப் பார்த்ததுண்டா?

அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னால், ஐந்தில் இரண்டு என்றெழுதுகிறான் சிறுவன். தவறுதான், ஆனால் அத்தவறு பேசுகிறது, தோழா! தொகுதியைத் தொகுதியோடும் பகுதியைப் பகுதியோடும் கூட்டிவிட்டான், பின்னம் இன்னதென்றே அவனுக்கு விளங்கவில்லை என்று உரக்கச் சொல்கிறது. திறமை மிக்க ஆசிரியர், நான்கு விடை கொடுத்து ஒன்றைத் தெரிவு செய்யச் சொல்லும்போது, அந்த ஐந்தில் இரண்டையும் வேண்டுமென்றே உள்ளே வைப்பார். நாற்பது பேரில் இருபது பேர் அதிலே விழுந்தால், மறுநாள் நடத்த வேண்டியது அடுத்த பாடமன்று, பின்னமே என்று தெளிவார். சுழி போட்டுத் தாளைத் திருப்பிக் கொடுப்பவருக்கு இது எங்ஙனம் தெரியும்?

நாம் என்ன செய்தோம்? எந்தப் பாடத்திலிருந்து எத்தனை வினா வரும் என்னும் ‘புளூபிரிண்ட்’ கணக்கை நெடுங்காலம் கையில் வைத்துக்கொண்டு, பிள்ளைகளை உருப்போட வைத்தோம். பதினோராம் வகுப்புப் பாடத்தையே மூட்டை கட்டி வைத்தன பல தனியார் பள்ளிகள். இருநூற்றுக்கு இருநூறு என்று விளம்பரப் பலகைகள் முழங்கின! 2017-இல் நீட் வந்தது. ஈராண்டுப் பாடத்திலிருந்தும் கேட்டது. 2025-இல் 180 நிமிடத்தில் 180 வினா. தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் பறிப்பு. உருப்போட்டவன் திகைத்தான். காசுள்ளவன் பயிற்சி மையத்துக்கு ஓடினான். கூலிக்காரன் மகள் எங்கே ஓடுவாள்?

அத்தேர்வு வேண்டுமா வேண்டாமா என்பது தனி வழக்கு. அதை மன்றங்களில் நடத்துவோம். வகுப்புத் தேர்வைத் திருத்தவோ எவர் அனுமதியும் வேண்டியதில்லை. அதற்காக வாராந்தரத் தேர்வையெல்லாம் நான்கு விடைத் தாளாக்கிவிடலாகாது; அது பழைய உருப்போடலுக்குப் புதுச் சட்டை. பத்து வினா போதும். சரியான விடையைக் குறித்தபின், மற்ற மூன்றும் ஏன் தவறென்று ஒவ்வொரு வரி எழுதச் சொல்லட்டும். புத்தகத்தில் இல்லாத படமொன்றைக் கொடுத்துக் கேட்கட்டும். ஓரிரு வினா சென்ற ஆண்டுப் பாடத்திலிருந்து வரட்டும். ஆசிரியருக்கு வேலை கூடும், மறுக்கவில்லை. திருத்துகிற சுமை தெரியாமல் எழுதவில்லை நான். பத்தே வினா என்றதும் அதனால்தான்.

உன் பிள்ளை படிக்கும் பள்ளியின் மேலாண்மைக் குழு கூடும்போது, எத்தனை பேர் தேறினர் என்று கேட்பதோடு அமர்ந்துவிடாதே. சென்ற தேர்வில் பெரும்பாலோர் தவறிய வினா எது, அதன்பின் வகுப்பில் என்ன நடந்தது என்று பணிவாகக் கேள், தோழா.