தோற்றமும் வளர்ச்சியும்: தலைப்பும் தரவும்

தமிழ்த்துறைகளில் அளிக்கப்பெறும் ஆய்வேடுகளுள் ‘தோற்றமும் வளர்ச்சியும்’ என முடியும் தலைப்புகளுக்குக் குறைவில்லை. தோற்றத்திற்குத் தொல்காப்பிய நூற்பா ஒன்று, வளர்ச்சிக்குக் காலத்திற்கோர் இயல் என்பதே அவற்றுட் பலவற்றின் வாய்பாடு. ஒரு சொல்லோ நிறுவனமோ எப்பொழுது, எக்காரணத்தால் மாறிற்று என்னும் வினா அங்கு எழுவதில்லை. இது வரலாற்று முறையன்று. மேற்கோள்களைக் கால வரிசையில் அடுக்குதல் மட்டுமே.

‘தேவரடியார்’ என்னும் சொல்லை நோக்குக. இறைவனின் அடியார் என்பதே அதன் நேர்பொருள். பிற்காலத்தில் வசையாகத் திரிந்த பொருளைச் சோழர் காலத்தின்மீது ஏற்றியுரைத்தோர் பலர். இராசராசன் தஞ்சைப் பெரியகோயிலில் குடியமர்த்திய 400 தளிச்சேரிப் பெண்டுகளும் அதற்குத் தப்பவில்லை. சோழர் காலக் கல்வெட்டுகளைக் காலப்பகுதி வாரியாக ஆராய்ந்து லெஸ்லி ஓர் 2000இல் வெளியிட்ட நூல், கோயிற் பெண்டிர் கொடையாளராகவும் விளங்கியதைக் காட்டிற்று. பிற்காலத் தேவதாசி முறையை அக்காலத்திற்கு அப்படியே பொருத்தவியலாது என்பதையும் நிறுவிற்று.

இத்தகைய ஆய்வுக்குக் கல்வெட்டின் முழுப்பாடம் இன்றியமையாதது. மத்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவு 1966இல் உதகமண்டலத்திலிருந்து மைசூருக்கு மாறியது முதல், தமிழ்க் கல்வெட்டு மைப்படிகள் பல பத்தாண்டுகள் அந்நகரிலேயே இருந்தன. அவற்றைச் சென்னைக்கு மாற்றுமாறு சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021 ஆகஸ்டில் ஆணையிட்டது. தமிழுலகம் மகிழ்ந்தது, மகிழ்ச்சி நியாயமானதே. ஆயினும் மைப்படி எந்நகரில் உள்ளது என்பதினும், அதன் பாடம் அச்சேறிற்றா என்பதே ஆய்வாளரின் வினாவாதல் வேண்டும். ஆண்டறிக்கைகள் தருவன அரசன் பெயர், ஆட்சியாண்டு, செய்தியின் சாரம் ஆகியவையே. ‘நிலக்கொடை’ எனச் சுருக்கும் ஒரு வரியில் வரிப்பெயரும் அளவைப்பெயரும் சாட்சியிட்டோர் பெயரும் மறைந்துவிடுகின்றன. சொல் வரலாறு எழுதுவோர்க்கு வேண்டுவனவோ அவைதாம்.

அச்சேறுதலின் பயனுக்கும் மைசூரே சான்று. அங்குள்ள கீழ்த்திசை நூலகத்தில் கிடைத்த அர்த்தசாத்திரச் சுவடியை சாமசாஸ்திரி 1909இல் பதிப்பித்த பின்னரே, இந்திய அரசியற் சிந்தனையின் வரலாறு புதிதாக எழுதப்படலாயிற்று.

முழுத்தொகுப்பு வரும்வரை ஆய்வு நிற்க வேண்டுமோ என்பர். வேண்டுவதில்லை. 1890இல் தொடங்கிய தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகள் கையில் உள்ளன. எ. சுப்பராயலு தொகுத்த தமிழ்க் கல்வெட்டுச் சொல்லகராதி 2002, 2003 ஆண்டுகளில் இரு பகுதிகளாக வெளிவந்துவிட்டது. இவற்றையேனும் புரட்டாத ஆய்வேட்டிற்கு மைசூரின் தொலைவைக் காரணங்காட்டுதல் பொருந்தாது. வாய்மொழித் தேர்வில் தேர்வாளர் கேட்க வேண்டியது ஒன்றே: இவ்வேட்டிற்காக முழுமையாகப் படிக்கப்பெற்ற கல்வெட்டுகள் எவை?