கோர்பியில் இப்ப எந்தக் கவுன்சிலை ஏசுறது?

2025இல் நெட்பிளிக்ஸில் வந்த 'டொக்சிக் டவுன்' தொடரைப் பாத்த யாருக்கும் கடைசியில் கவுன்சில் மேலதான் கோபம் வரும். வரத்தான் வேணும். இங்கிலாந்தின் கோர்பி நகரத்தில் 1980இல் உருக்கு ஆலை மூடப்பட்டது. அந்தக் காணியைத் துப்புரவாக்கும் வேலையைப் பொறுப்பெடுத்தது கோர்பி பரோ கவுன்சில். நச்சுச் சேத்தை லொறிகளில் ஏத்தி ஊர் றோட்டுகளால கொண்டுபோச்சினம். தூசி பறந்தது. கைவிரல், கால்விரல் குறைபாடுகளோட பிள்ளைகள் பிறந்தார்கள். குடும்பங்கள் பத்து வருசமளவில் போராடின பிறகு, 2009இல் உயர் நீதிமன்றம் கவுன்சிலின் கவனயீனத்தை உறுதி செய்தது. அடுத்த வருசம் கவுன்சில் நட்டஈட்டுக்கு இணங்கி, மன்னிப்பும் கேட்டது.

இப்ப அந்தக் கவுன்சிலே இல்லை. 2021 ஏப்ரல் 1ஆம் திகதி கலைச்சாச்சு. செய்த பிழைக்குத் தண்டனை எண்டு நினைச்சிடாதேங்கோ. அது கலைஞ்சது வேற ஒருத்தரின்ர வங்குரோத்தால.

இங்க ஒரு சொல்லைத் தெளிவாக்க வேணும். எங்களுக்கு மாவட்டம் எண்டால் கச்சேரி, அரச அதிபர். இங்கிலாந்தில 'டிஸ்ரிக்ட்' எண்டுறது சனம் வாக்குப் போட்டுத் தெரிவு செய்யிற சபை. வீட்டுத்திட்டம், குப்பை எடுக்கிறது, கட்டட அனுமதி அதின்ர வேலை. மேல இருக்கிற கவுண்டி கவுன்சிலுக்குப் பள்ளிக்கூடம், றோட்டு, நூலகம், முதியோர் பராமரிப்பு. கோர்பி 'பரோ' எண்ட பட்டத்தோட இருந்த ஒரு டிஸ்ரிக்ட்தான்.

நோர்தாம்ப்டன்ஷயர் கவுண்டி கவுன்சில் 2018 பெப்ரவரியில் 'பிரிவு 114' அறிவித்தல் விட்டது. கணக்குச் சரிவராது, புதுச் செலவெல்லாம் நிறுத்து எண்டு அர்த்தம். அதுக்கு முந்தின வருசம்தான் 53 மில்லியன் பவுண் செலவில் புதுத் தலைமையகம் திறந்திருந்தினம். பிறகு அதையே வித்துப்போட்டு, அதுக்குள்ளேயே வாடகைக்கு இருந்தினம்! 21 நூலகங்களை மூடவும் பாத்தினம். நீதிமன்றம் அந்த முடிவை ரத்துச் செய்தது. அரசாங்கம் அனுப்பின பரிசோதகர் மக்ஸ் கோலர், இதைத் திருத்த ஏலாது, புதுசாத் தொடங்குங்கோ எண்டு எழுதினார். முடிவில கவுண்டியும் போச்சு, அதுக்குக் கீழ இருந்த ஏழு டிஸ்ரிக்ட்டும் போச்சு. எட்டுச் சபை இருந்த இடத்தில வடக்கு, மேற்கு எண்டு ரெண்டு.

எனக்கு இது நியாயமாப் படேல்ல. சின்னச் சபை எல்லாம் நல்ல சபை எண்டு நான் சொல்ல வரேல்ல. கோர்பிக் குடும்பங்களிட்ட அதைச் சொல்லவும் ஏலாது. ஆனால் கோர்பியில் பிழைச்சது சபையின்ர அளவில்லை. கணக்கையும் கோப்பையும் சனத்துக்குக் காட்டாமல் வேலை நடந்ததுதான். கவுண்டி பெரிய சபைதானே, அது காசைக் காப்பாத்தினதா? வருத்தம் ஒண்டு, மருந்து வேற ஒண்டுக்கு.

சபை கலைஞ்சாலும் அதின்ர கடனும் பொறுப்பும் சட்டப்படி புதுச் சபைக்குத்தான் போகுது. ஆனால் எந்தக் கதவில போய்த் தட்டுறது எண்ட அறிவு அப்பிடிக் கைமாறாது. றோட்டில தூசியைக் கண்ட ஒரு தாய், தன்ர வட்டாரக் கவுன்சிலரைப் பேர் சொல்லி மறிச்சுக் கேக்கக்கூடிய தூரம் முக்கியம். கோர்பிக்கு எண்டு இப்ப ஒரு நகர சபை இருக்குத்தான். குப்பையும் வீடும் கட்டட அனுமதியும் அதின்ர கையில் இல்லை.

2024 டிசம்பரில் வந்த அரசாங்கத்தின் வெள்ளை அறிக்கை, மிச்சம் இருக்கிற டிஸ்ரிக்ட்டுகளையும் இப்பிடியே கரைக்கச் சொல்லுது. புதுச் சபை ஒண்டுக்கு 5 லட்சம் சனம் அளவில இருக்க வேணுமாம். கோர்பிக்கு மட்டும் முன்னம் 29 கவுன்சிலர்கள். 2025 தேர்தலில் கோர்பி, கெற்றரிங், வெலிங்பரோ, கிழக்கு நோர்தாம்ப்டன்ஷயர் நாலுக்கும் சேத்துத் தெரிவானது 68 பேர்.