நீல விளக்கும் கோழிக் கொட்டகையும்

இருளிலே ஒரு நீல விளக்கு. அதை நாடி வரும் பூச்சி, மின்கம்பியில் பட்டுப் பொரிந்து விழுகிறது. பார்ப்போருக்கு மகிழ்ச்சி; விற்போருக்கு வருவாய். இனிப்புக் கடைகளில் தொங்கும் இப்பொறியைக் கோழிக் கொட்டகையிலும் மாட்டலாமே என்கின்றனர் சிலர். மாட்டலாகாது என்பதே என் கருத்து.

கோழி வளர்ப்போருக்குப் பெருந்தொல்லை தருவன இரண்டு: ஈயும் கொசுவும். ஈ பகலில் திரிவது. பகல் வெளிச்சத்தில் விளக்கின் கவர்ச்சி மங்கிவிடும். கோழியம்மையைப் பரப்பும் கொசுவோ, ஒளியைவிட மூச்சுக்காற்றையும் உடல் மணத்தையும் நாடி வருவது. கோழியே அருகில் இருக்க, அது விளக்கை ஏன் தேடப் போகிறது?

தட்டு நிறையப் பூச்சி விழுகிறதே என்பர். விழுந்தவை எவை? அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகத்தினர் இப்பொறிகளில் மாண்ட 13,789 பூச்சிகளை எண்ணி, 1996-இல் முடிவை வெளியிட்டனர். கடிக்கும் இனத்தவை 31 மட்டுமே! பிற பூச்சிகளை அழித்து நமக்கு உதவுபவை 1,868. பகைவனை விட்டு நண்பனைக் கொல்லும் காவலன் நமக்கு எதற்கு?

இன்னொரு கேடும் உண்டு. மின்னதிர்ச்சியில் ஈயின் உடல் வெடித்துச் சிதறும்போது, அதிலுள்ள பாக்டீரியாவும் வைரசும் சுற்றுப்புறத்தில் பரவுகின்றன எனக் கான்சாஸ் ஆராய்ச்சியாளர் 2000-இல் காட்டினர். கீழே தீவனமும் தண்ணீரும் இருந்தால் என்னாகும்? விழுந்த பூச்சியைக் கோழி கொத்தாமல் விடுமா? இறகுத்தூசியும் உலர்ந்த உமியும் நிறைந்த இடத்தில் மின்பொறி பறந்தால் தீயும் பற்றலாம். இரவெல்லாம் எரியும் விளக்கு கோழியின் உறக்கத்தையும் கெடுக்கும்.

இது சிறு செய்தியன்று. 2022 பிப்ரவரியில் நம் தாணே மாவட்டத்து ஷஹாபூர் வட்டத்தில், வேஹ்லோலி சிற்றூர்ப் பண்ணையொன்றில் ஏறத்தாழ நூறு கோழிகள் பறவைக் காய்ச்சலால் மாண்டன. சுற்றுவட்டாரத்தில் சுமார் 25,000 பறவைகளை அழிக்க ஆணை பிறந்தது. அங்கே நோயை ஈ கொணர்ந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால், 2004-இல் ஜப்பானின் கியோட்டோவில் அந்நோய் கண்டபோது, பண்ணையருகே பிடித்த ஈக்களில் அவ்வைரஸ் இருந்தது. ஆகவே ஈயை ஒழிக்கத்தான் வேண்டும். ஒழிக்கும் வழிதான் வேறு.

ஈ பிறப்பது ஈர எச்சத்தில். வெப்பக் காலத்தில் முட்டை ஈயாக மாறப் பத்து நாள் போதும். ஆகவே வாரம் ஒருமுறை எச்சத்தை அள்ளுங்கள். ஆழ்கூளமாயின் அடிக்கடி கிளறிவிட்டு, நனைந்த இடத்து உமியை மாற்றுங்கள். ஒழுகும் தண்ணீர்க் குழாயை உடனே அடையுங்கள். நல்ல காற்றோட்டம் வேண்டும். கொசுவுக்கு வலை வேண்டும். எச்சத்தில் வாழ்ந்து ஈப்புழுவைத் தின்னும் வண்டுகளையும், ஈயின் கூட்டுப்புழுவை அழிக்கும் சிறு குளவிகளையும் மருந்தடித்துக் கொல்லாதீர்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை கொட்டும் இப்பகுதியில் கூளத்தை உலர்வாக வைத்திருப்பது எளிதன்று. எனினும் அந்த உழைப்புக்கு ஈடாக எந்த விளக்கும் இல்லை.

நண்பர்களே! விடுமுறையில் நாமக்கல் பக்கம் செல்வோர் நம்மில் உண்டு. தாணேயின் சிற்றூர்களில் உறவினர் உடையோரும் உண்டு. இவ்விளக்கை வாங்கப் புறப்படுவோரைக் கண்டால் ஒரு வார்த்தை சொல்லுங்கள்: அப்பணத்தில் கொட்டகைக்கு வலையடிக்கட்டும், எஞ்சியதற்கு உலர்ந்த உமி வாங்கட்டும்.